மாத்திரையின் விலையும் மருந்துதான்

போன மாதம் ஒரு நாள் காலை, நடைப்பயிற்சி முடிந்து திருமுல்லைவாயிலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடை பெஞ்சில் ஒரு சின்ன வாக்குவாதம். எங்கள் குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் அரசாங்கப் பென்ஷன்காரர்கள். ஐந்தாமவர் தனியார் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் படிப்பவர், நன்றாகப் பேசுபவர். பேச்சு எப்படியோ மருந்து விலைக்குப் போயிற்று.

"வெளிநாட்டுக்காரன் கோடி கோடியாச் செலவு பண்ணி ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கிறான். நாம அதைக் காப்பி அடிச்சு நாலு காசுக்கு விக்கறோம். இதுக்குப் பேரு என்ன சார், திருட்டுதானே?" என்றார்.

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன், பதில் சொல்லவில்லை. எனக்கு வாய்ப்பேச்சில் பதில் வராது. பைலில் குறிப்பு எழுதச் சொன்னால்தான் வரும். முப்பத்தெட்டு வருடம் ஆவடியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுடைய குணம் அது. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான குறிப்புதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-ஆம் வருடம் மார்ச் மாதம். என் மனைவியின் தம்பி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர். அப்போது வயது 44. இரண்டு மூன்று மாதமாகவே, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். எடை குறைந்திருந்தது. ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது என்றான். லேத் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவனுக்கு வேர்க்காமல் என்ன செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு நாள் இடது விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று பக்கத்துத் தெரு டாக்டர் சொல்லி, ரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய இடத்தில் 1,80,000 இருந்தன. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று லேப் பையன் இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தான். அதே எண்தான் வந்தது.

அடுத்த வாரம் லோக்கல் ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து ஒரு பெரிய மருத்துவமனை. மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு, க்ரானிக் மைலாய்டு லுகீமியா என்றார்கள். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை.

நான் பாண்டிச்சேரியில் பிறந்து பள்ளிப் படிப்பு முழுவதையும் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் அந்த நோய்க்கு 'லூசெமி' என்று பெயர். என் வகுப்பில் ஒரு பையன் அதில்தான் போனான். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ஒரு காலி இடம் விட்ட பெஞ்சுதான் நினைவுக்கு வரும். மருத்துவமனை வராந்தாவிலும் அதுதான் நினைவுக்கு வந்தது.

எங்களைக் கூப்பிட்டுப் பேசிய டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். "பயப்படாதீங்க. இதுக்கு மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு, 400 மில்லிகிராம். சாப்பாட்டோட பெரிய டம்ளர் தண்ணி குடிச்சுப் போட்டுக்கணும்" என்றார்.

"எத்தனை நாளைக்கும்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆயுசு முழுக்க."

விலையைக் கேட்டேன். நம் நாட்டுக் கம்பெனி மாத்திரை மாதத்துக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்றார். மைத்துனனுக்குச் சம்பளம் ஐயாயிரத்துச் சொச்சம். பட்டறையில் இஎஸ்ஐ பிடித்தம் கிடையாது. என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார்: "சார், வெளிநாட்டுக் கம்பெனி மாத்திரை மாசம் ஒண்ணேகால் லட்சத்துக்குப் பக்கம். அதை நினைச்சா இது பரவாயில்லை. ஜனவரியில ஒரு ஆர்டர் வந்திருக்கு, படிச்சீங்களா?"

நான் படித்திருக்கவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அந்த ஆர்டரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அந்த மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா தாளில் படம் போட்டு விளக்கியதை நான் என் அலுவலக பாஷையில் மாற்றி வைத்திருக்கிறேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஓர் அலுவலகம். வெளியிலிருந்து தபால் வருகிறது. 'வளரலாம்', 'இரண்டாகப் பிரியலாம்', 'நிறுத்து' என்று உத்தரவுகள். தபால் வாசலுக்கு வந்தால் மட்டும் போதாது, மேசை மேசையாக நகர வேண்டும். அதை நகர்த்துகிற புரதங்களில் ஒரு வகைக்குக் கைனேஸ் என்று பெயர். மனித உடம்பில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. ஒரு கைனேஸ் செய்வது ரப்பர் ஸ்டாம்பு வேலை. அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற சின்ன முத்திரையைக் குத்தும். முத்திரை விழுந்த புரதம் விழித்துக்கொண்டு தன் வேலையைச் செய்யும். முத்திரைக்கான மை ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. கைனேஸில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஏடிபி வந்து உட்காரும் இடம் அது. இங்க் பேட் வைக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் வேறொரு புரதம் வந்து முத்திரையை அழித்துவிடும்.

அந்த முத்திரைக்காரர்களில் ஒருவர் ஏபிஎல். கெட்டவர் இல்லை. செல்லின் உருவம், நகர்வு, டிஎன்ஏவில் சேதம் வந்தால் செய்ய வேண்டியது என்று அவருக்குப் பல பொறுப்புகள். தேவை இல்லாத நேரத்தில் தன்னைத்தானே மடக்கிப் பூட்டிக்கொள்ளும் அமைப்பும் அவரிடம் இருக்கிறது. இந்த நோயில் நடப்பது ஒரு பைண்டிங் கோளாறு. மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில், 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, நுனிகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பைலின் முதல் பக்கங்களும் இன்னொரு பைலின் கடைசிப் பக்கங்களும் சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்ட மாதிரி. அப்படிப் பிறக்கும் புரதத்துக்கு பிசிஆர்-ஏபிஎல் என்று பெயர். அதில் பூட்டு இருந்த பக்கம் போய்விட்டது. தபாலே வராமல் 'வளரலாம், வளரலாம்' என்று ராப்பகலாக முத்திரை குத்திக்கொண்டிருக்கும். அதனால்தான் 1,80,000.

இது பரம்பரையாக வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. "என் பிள்ளைங்களுக்கு வருமா?" என்று மைத்துனன் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பதால் இதை எழுதுகிறேன். பிறந்த பிறகு ஒரே ஒரு செல்லில் நடக்கும் விபத்து.

இமாட்டினிப் என்ற அந்த மாத்திரை என்ன செய்கிறது? இங்க் பேட் வைக்கிற பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மை இல்லை, முத்திரை இல்லை. ஆனால் அந்தக் குமாஸ்தாவை வேலையை விட்டு நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்காலியிலேயேதான் இருக்கிறார். மாத்திரை எழுந்து போனால் மறுபடி குத்த ஆரம்பித்துவிடுவார். ஆகையால்தான் தினம் ஒன்று.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று எங்கள் பெஞ்ச் நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. 1960-இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, அந்தத் துண்டு தொலையவில்லை, 9-ஆம் குரோமோசோமோடு இடம் மாறியிருக்கிறது என்று காட்டினார். 1980-களில் அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் புரதத்தைக் கண்டார்கள். 1990-இல் அந்த ஒரு புரதத்தை எலிகளின் மஜ்ஜைச் செல்களில் புகுத்தினாலே எலிகளுக்கு இந்த நோய் வருகிறது என்று காட்டினார்கள். இவற்றில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களில், ஆராய்ச்சி நிலையங்களில், பொதுப் பணத்தில் நடந்த வேலை.

அந்தப் பள்ளத்துக்குப் பொருந்தும் மூலக்கூறைச் செய்தது சுவிட்சர்லாந்தின் சிபா-கெய்கி நிறுவனம். நிக்கோலஸ் லிடன், யூர்க் ஸிம்மர்மன் முதலியவர்களின் உழைப்பு. 1996-இல் அந்த நிறுவனம் சாண்டோஸுடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. நோயாளிகள் குறைவு, லாபம் வராது என்று உள்ளேயே தயக்கம் இருந்தது. பிரையன் ட்ரூக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் விடாமல் நச்சரித்து 1998-இல் மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கினார். முதல் கட்டச் சோதனையில் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியான அளவுக்கு வந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களுக்குச் சராசரியாக நான்கைந்து வருடம்தான். இப்போது ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்கள் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கும் அந்த விஞ்ஞானிகளுக்கும் என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன்.

இனி அந்த ஆர்டர். 1957-இல் மத்திய அரசு, நம் காப்புரிமைச் சட்டத்தை ஆராயும்படி நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரை நியமித்தது. அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். அவர் 1959-இல் தந்த அறிக்கையின் அடிப்படையில் வந்ததுதான் 1970-ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்றது அது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய முடிந்தவர்கள் செய்யலாம். நம் நாட்டு மருந்துத் தொழில் வளர்ந்தது அந்த நிழலில்தான்.

1995-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, பத்து வருடத்துக்குள் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தருவதாக ஒப்புக்கொண்டோம். அதுவரை வரும் விண்ணப்பங்களை வாங்கி வைத்திருக்க வேண்டும். 1998 ஜூலையில் நோவார்ட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டது. இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் 'பீட்டா' என்கிற படிக வடிவத்துக்கு. 2003 நவம்பரில் இந்தியாவில் இந்த மருந்தை விற்கும் தனி உரிமை அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதை வைத்து 2004-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சில உள்நாட்டு நிறுவனங்களுக்கு எதிராகத் தடை வாங்கியது. மும்பை உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் அப்படிப்பட்ட தடையைத் தர மறுத்தது.

2005-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, பிரிவு 3-இல் (டி) என்ற உட்பிரிவைத் திருத்தி எழுதினார்கள். அதன் சாரம்: ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் பலனைக் கூட்டவில்லை என்றால், கண்டுபிடிப்பு ஆகாது. மும்பையிலிருந்து புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில இந்திய மருந்து நிறுவனங்களும் சென்னை அலுவலகத்தில் ஆட்சேபணை கொடுத்தார்கள். 2006 ஜனவரியில் உதவிக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து உத்தரவு போட்டார். தனி உரிமையும் அதோடு போயிற்று. டாக்டரம்மா சொன்ன ஆர்டர் இதுதான்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமை உண்டு. அந்த அதிகாரி மந்திரியும் இல்லை, நீதிபதியும் இல்லை. காகிதங்களைப் படித்து, சட்டத்தின் ஒரு வரியைப் பொருத்திப் பார்த்து, கையெழுத்துப் போட்டவர். அந்தக் கையெழுத்தை எதிர்த்து ஏழு வருடம் வழக்கு நடந்தது. 3(டி) அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று போட்ட மனுவை 2007 ஆகஸ்ட் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் தள்ளுபடி செய்தார்கள். 2009-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை இல்லை என்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அடங்கிய அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. பீட்டா வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகக் கலக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். மருந்துக்குப் 'பலன்' என்றால் நோயைத் தீர்க்கும் பலன்தான், அது கூடியதாகக் காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். சின்ன முன்னேற்றம் எதற்குமே காப்புரிமை கிடையாது என்று சொல்லவில்லை என்பதையும் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அன்று மாலை டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். மைத்துனன் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப என் மாத்திரை நிக்காது இல்ல மாமா?"

திருட்டு என்கிற நண்பருக்கு இப்போது சொல்கிறேன். சார், யாரும் எதையும் திருடவில்லை. மூல மூலக்கூறு 1990-களின் தொடக்கத்திலேயே உலகத்துக்குத் தெரிந்த ஒன்று. அப்போது நம் சட்டத்தில் அதற்குக் காப்புரிமை கேட்கவே இடம் இல்லை. கேட்டது அதன் ஒரு படிக வடிவத்துக்கு. கொடுக்க வேண்டுமா என்று நம் சட்டப்படி, நம் அலுவலகத்தில், இரண்டு பக்கமும் கேட்டு முடிவு செய்தோம். காப்புரிமை என்பது சர்க்கார் தருவது. தரும் நிபந்தனையை எழுதும் உரிமையும் சர்க்காருக்கு உண்டு. காப்புரிமை கிடைத்திருந்தாலும் பழைய தயாரிப்பாளர்கள் ராயல்டி கட்டித் தொடர ஒரு வழி சட்டத்தில் இருந்தது என்பார் நண்பர். இருந்தது. அந்த ராயல்டி கடைசியில் யார் தலையில் விழும் என்பதுதான் என் கேள்வி.

நிறுவனம் ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்ததே என்றும் சொல்வார். ஆம், கொடுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதனால் பிழைத்தார்கள். கும்பிடுகிறேன். ஆனால் ஒரு மனிதன் ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து இன்னொருவர் தர்மத்தில் தொங்கக் கூடாது என்பது என் கட்சி. அமெரிக்காவிலேயே இந்த மருந்தின் விலை 2001-இல் வருடத்துக்கு 30,000 டாலர் அளவில் இருந்தது, 2012-இல் 92,000 டாலர் ஆகிவிட்டது. அதே மருந்துதான். 2013-இல் இந்த நோயின் நிபுணர்களான மருத்துவர்களே நூறு பேருக்கு மேல் சேர்ந்து ஒரு மருத்துவ இதழில் இது நியாயமா என்று எழுதினார்கள். அவர்களையும் திருடர் கட்சி என்பாரா நண்பர்?

எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கியூரி தம்பதியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை எடுக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். கதை அங்கே முடிந்துவிடும், நாங்கள் கைதட்டுவோம். பெரியவனான பிறகுதான் மீதியைப் படித்தேன். ரேடியத்தின் விலை எக்கச்சக்கமாக ஏறி, மரி கியூரி தன் ஆராய்ச்சிக்கு ஒரு கிராம் வாங்கவே வழி இல்லாமல், 1921-இல் அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டி வாங்கிக் கொடுத்தார்கள். காப்புரிமை இல்லை என்பதால் மட்டும் ஒரு பொருள் ஏழைக்குக் கிடைத்துவிடாது. பலர் செய்ய வேண்டும், போட்டி வேண்டும், கடைசி ஆளின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில் நானே தவறினேன். அதையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

மாத்திரைக் கணக்கு என்னிடம்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு. மைத்துனன் சம்பளத்தில் இவ்வளவு, அவன் மனைவி தையலில் இவ்வளவு, என் மகன் இரண்டாயிரம், நான் மூவாயிரம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போவான். எனக்கு ஒரு பழக்கம். ஐம்பது வருடம் மெட்ராஸ் பக்கம் இருந்தும் பணம் எண்ணும்போது மட்டும் உதடு பிரெஞ்சில்தான் முணுமுணுக்கும். நூறு ரூபாய் நோட்டு முப்பதை 'வேந்த்-உய்த், வேந்த்-நஃப், த்ரான்த்' என்று எண்ணி முடித்துக் கொடுப்பேன்.

2010-இல் ஓய்வு பெற்றேன். சம்பளம் பென்ஷன் ஆகிவிட்டது, வீட்டுக் கடன் பாக்கி இருந்தது. அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான்: "மாமா, மாத்திரை விலை குறைஞ்சிடுச்சு. இனிமே நீங்க தர வேணாம். நானே பாத்துக்கறேன்." எனக்கு எவ்வளவு நிம்மதி! வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பில்லைச் சரிபார்த்தவன் நான். எட்டணா இடித்தாலும் திருப்பி அனுப்புவேன். அன்று அவனிடம் மருந்துக்கடை ரசீதைக் கேட்கவில்லை. கேட்டால் நிம்மதி போய்விடுமோ என்று இருந்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து, சோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அணுக்கள் மறுபடி ஏறியிருந்தன. அவன் மாத்திரை எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, கல்யாணம் முடிந்து தொடரலாம் என்று விட்டுவிட்டான்.

நான் கோபப்பட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "நீங்க பணம் எண்ணும்போது என்ன சொல்றீங்கன்னு எனக்குப் புரியாது மாமா. எண்ணி முடிச்சதும் ஒரு மூச்சு விடுவீங்க. அது புரியும்."

அந்தப் பெருமூச்சு எனக்குத் தெரியாமலே வந்துகொண்டிருந்திருக்கிறது. கல்யாணச் செலவில் என் பங்கைக் கொடுத்தேன், நோட்டை மறுபடி திறந்தேன். மாத்திரை தொடர்ந்ததும் நல்ல வேளையாக நோய் மறுபடி அடங்கியது. எல்லோருக்கும் அப்படி அடங்குவதில்லை. இடைவெளி விட்டால் அந்தப் பள்ளத்தின் வடிவமே மாறி, மாத்திரை பொருந்தாமல் போகும் செல்கள் தலையெடுக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் வேறு மருந்துக்குப் போக வேண்டும், அவை விலை கூடியவை.

சட்டம் வென்றது, நீதிமன்றம் வென்றது, விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. அப்படி இருந்தும் எங்கள் வீட்டில் மூன்று மாதம் மாத்திரை நின்றது. எட்டாயிரம் ரூபாய் என்பது ஒரு லட்சத்தோடு ஒப்பிட்டால் குறைவு. ஐயாயிரம் சம்பளத்தோடு ஒப்பிட்டால்? வாங்க முடியாத மாத்திரை பள்ளத்தில் போய் உட்காராது. விலையும் மருந்தின் ஒரு பகுதி என்று நான் சொல்வது இதனால்தான். இன்று பல நிறுவனங்கள் செய்வதால் அந்த மாத்திரை அன்றைய விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. நான் பணம் எண்ண வேண்டிய அவசியம் இல்லாமல் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

இப்போது வேறொரு செலவு. பிரெஞ்சு தெரிந்ததால் எனக்குக் கிடைத்த ஒரு செய்தி. போர்தோ நகரத்து மருத்துவர் பிரான்சுவா-சேவியே மஹோன் தலைமையில் பிரான்சில் ஒரு சோதனை நடந்தது, 2010-இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக நுட்பமான ரத்தச் சோதனையிலும் பிசிஆர்-ஏபிஎல் தென்படாத 100 பேர், கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஓராண்டு கடந்தபோது ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்கள் மறுபடி மாத்திரை எடுத்ததும் கட்டுக்குள் வந்தார்கள். இதை நான் மைத்துனனுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கண் விரிந்தது. கண்ணைச் சுற்றி வீக்கம், காலில் சதைப்பிடிப்பு என்று மாத்திரையின் தொல்லைகளை அனுபவித்தவனாயிற்றே.

ஆனால் அந்த நூறு பேருக்கும் அவனுடைய மூன்று மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: சோதனை. அவர்களுக்கு முதல் வருடம் மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இங்கே எங்களுக்கு அந்தச் சோதனைக்கு ஒரு தடவை ஆகும் செலவு, இன்றைய ஒரு மாத மாத்திரைச் செலவைவிட அதிகம். டாக்டரம்மாவிடம் கேட்டபோது, ஒழுங்காகச் சோதனை செய்ய முடிந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் மாத்திரையைத் தொடாதீர்கள் என்றார். மைத்துனன் தொடர்கிறான். இந்த நோய் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பிரெஞ்சுக்காரன் நிறுத்தினான் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, மாத்திரை விலை குறைந்துவிட்டது என்று அரசாங்கம் நான் விட்ட மாதிரி நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடக் கூடாது. இந்த ரத்தச் சோதனையை மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை இலவசமாகக் கொண்டுவர வேண்டும். மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்த நோய் இளம் வயதிலேயே வருகிறது. சம்பாதிக்கிற வயதில் இருப்பவர்கள் சோதனைக்காகச் சம்பளத்தை இழந்து சென்னைக்கு ரயில் ஏறக் கூடாது. இரண்டு, வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசும் ஒவ்வொரு தடவையும் மருந்துக் காப்புரிமையும் மேசைக்கு வருகிறது. 3(டி) சட்டப் புத்தகத்தில் சில வரிதான். அந்தச் சில வரிகளை விட்டுக்கொடுத்தால், அது எத்தனை வீடுகளின் நாற்பது பக்க நோட்டுகளில் போய் நிற்கும் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மைத்துனனுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. பட்டறை வேலையை விட்டுவிட்டான். பேரனைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சில நாள் எங்கள் டீக்கடை பெஞ்சுக்கும் வருவான். அந்த வாக்குவாதம் நடந்த அன்றும் ஓரமாக உட்கார்ந்திருந்தான். 'திருட்டு' என்று நண்பர் சொன்னபோது நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தான், எதுவும் சொல்லவில்லை.

நண்பருக்கு இந்தக் குறிப்பைப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பதாக இருக்கிறேன். படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.